முப்பத்தேழாம் கட்டம்

ஜூலை 3, 2089. மாலை 6:10
வடக்கு உறைமண் நிலையம். கோடையிலும் அடியில் பனி உருகாத நிலம். வெப்பம் ஆறு டிகிரி. காற்று இல்லை, கொசு உண்டு.
நூறு கட்டங்களில் இன்று நாற்பது முடித்தேன். கட்டம் என்பது ஒரு மீட்டர் சதுர இரும்புச் சட்டம். உள்ளே எத்தனை வகைச் செடி என்று எண்ண வேண்டும். பிறகு ஒன்றரை மீட்டர் கம்பியை மண்ணில் இறக்கிப் பார்க்க வேண்டும். அடியில் பனி தட்டினால் நிலம் ஆளைத் தாங்கும்.
12ஆம் கட்டம்: குட்டை வில்லோ, கோரை, இரண்டு பாசி உட்பட மொத்தம் ஒன்பது வகை. பனி 44 செ.மீ. ஆழத்தில்.
37ஆம் கட்டம்: பதினான்கு வகை. பனி 42 செ.மீ. ஆழத்தில்.
எண்ணுவது நான், வெள்ளத்தாய். கணினியில் ஏற்றுவது டாக்டர் சுகிர்தா. இங்கே வேறு ஆள் இல்லை.

ஜூலை 5. மாலை 7:00
இந்தக் குறிப்பேட்டை எடுத்துப் படிப்பவருக்கு ஒரு விஷயம்.
37இல் பூக்கும் வெள்ளைச் செடி எந்தப் புத்தகத்திலும் இல்லை. முப்பதாயிரம் வருடம் பனிக்குள் கிடந்த விதை. போன வருடம் ஜூன் 19, காலை 11:20க்கு நான் பார்த்தேன். டாக்டரம்மா நீலக் கையுறை போட்டிருந்தாள். "எங்க, எங்க?" என்று ஓடி வந்தாள்.
புது வகை கண்டுபிடிப்பவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றவர் இன்னும் நான்கு குளிர்காலம் இருக்க வேண்டும். அறிக்கையில் கண்டுபிடித்தவர் என்று அவள் பெயர் போனது. கரை நிலையத்து விமானி பெனடிக்டிடம் அவள் வானொலியில் பேசியதை நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.
"அந்தம்மாவா? அஞ்சாங்கிளாஸ் தாண்டல பெனடிக்ட். புல்லு புடுங்கத்தான் தெரியும்."
இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் நான்கு தடவை, அவள் ஆறு தடவை.
ஒன்பதாம் தேதி விமானம். ஒரு சீட்டு.

ஜூலை 7. மதியம் 1:30
37இல் 42 என்று எழுதியது பொய்.
தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் செடித் தண்டில் பாசி சுரண்டியிருக்கிறேன். சுரண்டினால்தான் செடி மூச்சுவிடும் என்பார் கங்காணி. அந்தப் பழக்கத்தில், வெள்ளைச் செடியைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குப் பாசியை வழித்தெடுத்தேன். செடி தளதளவென்று வந்தது. இங்கே பாசிதான் பனிக்குப் போர்வை என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெயில் கறுப்பு மண்ணில் இறங்கிவிட்டது. இப்போது கம்பி முழுக்க உள்ளே போகிறது, எதுவும் தட்டுவதில்லை. மேலே செடி வேர் பின்னிய ஒரு சாண் தோல், அவ்வளவுதான்.
முதலில் திட்டுக்குப் பயந்து மறைத்தேன். அறிக்கை போன பிறகு பயத்தினால் மறைக்கவில்லை.

ஜூலை 9. காலை 8:05
ஊருக்குக் கொண்டுபோகப் பூவோடு ஒரு கிளை வேண்டுமாம். சுகிர்தா 37க்குக் கிளம்பினாள். என் அளவுத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். நான் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

8:40
கைவானொலி. நிலையத்துக்கு மட்டும்தான் எட்டும்.
"தாயம்மா! உள்ள போயிட்டேன்! இடுப்பு வரைக்கும் சேறு. கயிறு எடுத்துட்டு ஓடியாங்க!"
"நாப்பத்திரண்டுல பனி இருக்கே டாக்டரம்மா. எப்படிப் போவும்?"
"விளையாடாதீங்க. கால் மரத்துப் போச்சு."
"செடி எப்படி இருக்கு?"
"அதைத்தான் புடிச்சிட்டிருக்கேன்…"
"இழுக்காதீங்க. வேர் அறுந்துரும்."

9:15
"தாயம்மா, தப்புதான். நீங்கதான் பார்த்தீங்க. உங்க பேரையே சொல்லிடறேன்."
"எத்தனை மணிக்குப் பார்த்தேன்?"
"என்னது?"
"மணி சொல்லுங்க."
"ஞாபகமில்லம்மா… காலையில…"
எனக்கு ஞாபகம் இருக்கிறது.

9:50
கயிறு வாசலில் ஆணியில் தொங்குகிறது. இருபது மீட்டர். நடந்தால் ஆறு நிமிடம். இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவை உட்கார்ந்தேன். அவளுக்கு நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது என்றாள். பல் அடிக்கும் சத்தம் கேட்கிறது.
என் பேத்தி நடக்கிறாளாம். நான் இன்னும் பார்க்கவில்லை.

10:20
விமானம் அழைக்கிறது. பெனடிக்ட்.
"பத்து நிமிஷத்துல இறங்கறேன். டாக்டர் ரெடியா?"
"கண்டுபிடிச்சது நான்தான்னு டாக்டரம்மா ஒத்துக்கிட்டாங்க தம்பி. சீட்டு எனக்குத்தான்."
"அட! அவங்களா சொன்னாங்க? எங்க அவங்க?"
"செடிகிட்ட. விட்டுட்டு வர மனசில்ல."
அவன் சிரித்தான். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

10:31
மூட்டை கட்டிவிட்டேன். கைவானொலி இன்னும் பேசுகிறது. வார்த்தை குழறுகிறது.
"தாயம்மா… விமானச் சத்தம்… கேக்குது. வந்துட்டாங்களா?"
"வந்துட்டாங்க" என்றேன்.
"அப்பாடா" என்றாள்.