பெண் பார்க்க வந்தவர்கள் தள்ளிய வேன்

திருப்பூர்
9.6.1994

அன்புக் கண்ணு வசந்தாமணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஈசுவரன் புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். உன் தங்கை ருக்மணியைப் பெண் பார்க்க மடத்துக்குளத்திலிருந்து வந்துபோனார்கள். அதை விவரமாக எழுதச் சொல்லிக் கேட்டிருந்தாய், எழுதுகிறேன், சிரிக்காமல் படி.

நீங்கள் இருக்கும் வெளிநாட்டு ஊரில் பஸ்ஸெல்லாம் மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு கரண்டில் ஓடுகிறது, இனி ரோட்டுக்குள்ளேயே கம்பி பதித்து வண்டி ஓட்டப் பார்க்கிறார்கள் என்று நீ எழுதினாலும் எழுதினாய், உன் அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. இங்கே தறிக்கும் தையல் மிசினுக்குமே பாதி நேரம் கரண்டு இல்லை, இதில் ரோட்டுக்கு எங்கே போவது என்றேன். கேட்கவில்லை. லேத் பட்டறை மருதாசலத்தைக் கூட்டிக்கொண்டு, நம் பனியன் கம்பெனியின் பழைய வேனில் இஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் லாரி பேட்டரிகளும் வைத்துவிட்டார். ஓடியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் சத்தமே இல்லை. கம்பெனி வாசல் கூட்டுகிற நஞ்சம்மாளுக்குப் பின்னால் போய் நின்றதில் அவள் அலறி, விளக்குமாற்றாலேயே கண்ணாடியில் ஒரு போடு போட்டாள்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரைப் பஸ் ஸ்டாண்டில் அழைத்துவரப் போனவர், என்னிடம் சொல்லாமல் அந்த வேனை எடுத்துப் போயிருக்கிறார். வழியெல்லாம் வருங்காலத்தைப் பற்றிப் பேச்சு. “மழை பேஞ்சா ரோட்டுல ஷாக் அடிக்காதுங்களா சம்பந்தி?” என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டதற்கு இவர் பதில் சொல்வதற்குள் காங்கேயம் ரோட்டு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போய், மோட்டார் ரூமில் கொஞ்சம் கரண்டு கேட்டிருக்கிறார். “அது தண்ணி இறைக்கறதுக்குக் குடுத்த கரண்டுங்க, வண்டிக்கு இறைக்க முடியாதுங்க” என்று அவர் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

வண்டி நின்றுவிட்டது என்று பெட்டிக்கடையிலிருந்து அப்பாவின் போன் வந்தது. டிரைவருக்கு லீவு. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, இந்தச் சம்பந்தமும் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். ருக்மணி பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகி, கயிற்றை எடுத்துப் போட்டு, கம்பெனியின் இன்னொரு வேனை, டீசல் வேனை, கிளப்பிவிட்டாள். நானும் ஓடி ஏறிக்கொண்டேன். போய்ப் பார்த்தால், மாப்பிள்ளை மயில்சாமி வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறார், அவர் அம்மா புளியமரத்தடியில் வெள்ளரிக்காய் தின்கிறார், உன் அப்பா மட்டும் ஸ்டியரிங்கை விடாமல், “குத்தம் வண்டி மேல இல்லீங்க, ரோட்டு மேல” என்கிறார்!

ருக்மணி யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கயிற்றைக் கட்டினாள். எல்லோரையும் டீசல் வேனில் ஏற்றி, அப்பாவையும் அவர் வேனையும் பின்னால் இழுத்துக்கொண்டு வீடு சேர்த்தாள். பஜ்ஜி ஆறிப்போயிருந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பொண்ணு பார்க்க வந்தோம், பொண்ணே வந்து எங்களைக் கூட்டீட்டு வந்துட்டா. எங்களுக்குச் சம்மதமுங்க” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மயில்சாமிக்குத்தான் ஒரு கூச்சம். தனக்கு டிராக்டர்கூட ஓட்டத் தெரியாது, கற்றுத் தருவாளா என்று கேட்டார். இப்போது ஞாயிறுதோறும் வந்துவிடுகிறார். நம் கேட்டில் ஒரு தூண் போய்விட்டது. ருக்மணி சத்தம் போடுகிறாள், அவர் சிரிக்கிறார்.

ஆவணியில் முகூர்த்தம். இப்போதே லீவு சொல்லி வை. நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க ஆசீர்வதிக்கும்,

உன் அம்மா,
அ. சாரதாமணி