ராஜாவைப் பார்க்காமல் அணைக்கிறாள்

என் ராட்சசி அக்காவுக்கு,

நீ சுகமா என்று கேட்க மாட்டேன். நாங்கள் சுகமாக இல்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வெளியில் சொன்னால், ஒரு டிவி கேமுக்கா இவ்வளவு அழுகை என்று சிரிப்பார்கள். உனக்குத்தான் புரியும். புரிகிற ஒரே ஆளும் செத்துப்போய்விட்டால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

உன் மகள் ஹரிணி காலேஜுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மாமா விடிவதற்கு முன்பே ஜீப்பை எடுத்துக்கொண்டு திருமலைக்குச் சவாரி போகிறார், ராத்திரி வந்து சோற்றைக் கிளறிவிட்டுப் படுக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்காது. நீ போனதிலிருந்து உங்கள் திருப்பதி வீட்டில்தான் இருக்கிறேன், ஆனால் காலையிலேயே ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ் ஏறிவிடுவேன். இந்த மாதம் மதிய ஷிப்ட் போட்டார்கள். அதனால் காலையில் வீட்டில் இருந்தேன்.

பின்னறையிலிருந்து “கோவிந்தா” என்று மெதுவாக ஒரு குரல் கேட்டது. பரவாயில்லை, பெண்ணுக்குச் சாமி பக்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சாம்பாரைக் கிளறினேன். மறுநாளும் அதே நேரம், அதே “கோவிந்தா”. எட்டிப் பார்த்தேன். நம் பழைய கேம் பெட்டியை டிவியில் மாட்டி உட்கார்ந்திருந்தாள். கரண்டியோடு அப்படியே வாசற்படியில் நின்றுவிட்டேன் அக்கா.

நகரியில் நைனா அதை வாங்கி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மெட்ராஸ் கடைகளுக்குப் புடவை போடப் போனவர் பர்மா பஜாரில் பழைய பெட்டி ஒன்றையும் ஒரே ஒரு கேசட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். தெருவில் மற்றவர்கள் டிவியில் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்தார்கள். நமக்கு வாய்த்ததில் சுடவும் இல்லை, குதிக்கவும் இல்லை. நான்கு பேர் வரிசையாக நடப்பார்கள், ஊர் ஊராகப் போவார்கள், கண்டவரிடமெல்லாம் பேசுவார்கள், பூதம் வந்தால் சண்டை போடுவார்கள். எழுத்து பூராவும் ஜப்பான். ரோல் பிளேயிங் கேம் என்ற வகை வீட்டு டிவிக்கு வந்த புதிதில் செய்த கேசட் அது என்று வெகுகாலம் கழித்து ஹரிணிதான் போனில் பார்த்துச் சொன்னாள். நமக்கு அது வெறும் ‘நடக்கிற கேம்’.

ஒரு எழுத்தும் தெரியாமல் எப்படித்தான் ஆடினோமோ! மேலிருந்து இரண்டாவது மந்திரம், அதற்குக் கீழே மருந்து என்று இடத்தை வைத்தே பழகினோம். நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு எழுத்தாகப் பேர் வைத்தாய். நைனா, அம்மா, நீ, நான். நத்தை மாதிரி சுருண்டிருந்த எழுத்து உன்னுடையது. எப்போதும் நீதான் வரிசையில் முன்னால். முன்னால் நிற்கிற ஆளுக்குத்தான் அடி அதிகம் விழும் என்று தெரிந்தும் என்னை அங்கே விடமாட்டாய். யாராவது செத்தால் மற்றவர்களுக்குப் பின்னால் அவருடைய சவப்பெட்டி இழுபட்டுக்கொண்டே வரும். ஊருக்குள் இருக்கிற கோயிலுக்குப் போய்க் காணிக்கை கட்டினால் செத்தவர் எழுந்துவிடுவார். உடனே நீ மலையே அதிர்வது போல “கோவிந்தா!” என்று கத்துவாய்.

ஆடியது நிலைக்க வேண்டுமென்றால் அரண்மனைக்குப் போய் ராஜாவைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் அணைத்தால் அன்றைக்கு நடந்தது நடக்காதது போலத்தான். நம் வீட்டிலோ பவர்லூமைப் போட்டால் கரண்ட் இறங்கி டிவி கேம் அப்படியே உறைந்துவிடும்.

“ஏ பொண்ணுங்களா, தறி போடப் போறேன்!” என்று நைனா குரல் கொடுப்பார்.

“இரு நைனா, ராஜாவ பாத்துட்டு வந்துடறேன்!”

“இன்னா பெரிய ராஜா? இங்க பாவு நூலு ஏத்திக்கினு நான் ஒருத்தன் நிக்கிறேன், இவளுக்கு ராஜா கேக்குது!”

திட்டுவார், ஆனால் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி காத்திருப்பார். நீ ராஜாவைப் பார்த்துவிட்டு என்னை விரட்டுவாய். “ரீசெட்ட அழுத்திக்கினே ஆஃப் பண்ணுடி, இல்லாட்டி எல்லாம் பூடும்!” அப்படி அழுத்தாமல் அணைத்தால் உள்ளே இருக்கிற கணக்கு குழம்பிவிடும் என்று அந்த வயதிலேயே எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தாய்.

கிட்னி கெட்டு டயாலிசிஸுக்கு அலைந்த காலத்தில் அந்தப் பெட்டியைக் கேட்டாய். நகரியிலிருந்து நான்தான் எடுத்து வந்து கொடுத்தேன். டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் ஹரிணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினாய். கடைசியாக ஆடிய அன்று ஒரு குகையில் உன் ஆள் செத்துப்போனது. மற்ற மூவரையும் இழுத்துக்கொண்டு அரண்மனை வரை வந்தாய். ராஜாவைப் பார்த்தாய். கோயில் அடுத்த சந்துதான். “தல சுத்துது, அப்பறமா எழுப்பிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் படுத்தாய். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதற்குமேல் நீ வீட்டுக்கு வரவில்லை.

இப்போது அந்தக் கேசட்டில் நைனா, அம்மா, நான் மூன்று பேரும் நிற்கிறோம். பின்னால் உன் பெட்டி.

உன் மகள் என்ன செய்கிறாள் தெரியுமா? தினமும் காலையில் அதைப் போடுகிறாள். நேராகக் கோயிலுக்குப் போய் உன்னை எழுப்புகிறாள். “கோவிந்தா” சொல்கிறாள். உன்னை முன்னால் நிறுத்தி ஊரைச் சுற்றி வருகிறாள், கிணற்றடி, கடை, கடற்கரை என்று எல்லா இடத்துக்கும் கூட்டிப் போகிறாள். பிறகு ராஜாவைப் பார்க்காமலே அணைத்துவிடுகிறாள். மறுநாள் போட்டால் நீ மறுபடியும் பெட்டியில் கிடப்பாய். மறுபடியும் எழுப்பலாம்.

பரீட்சைக்கு அவள் போகவில்லை என்று காலேஜிலிருந்து போன் வந்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“எழுப்பினதோட ராஜாவ பாத்துட்டா அம்மா அப்படியே இருப்பாங்கல்ல கண்ணு? தினம் தினம் எதுக்கு இது?”

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சேவ் பண்ணிட்டா நாளிக்கி நான் இன்னா பண்றது சித்தி?”

இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல். வாய் கிழியப் பேசுவாயே, இப்போது மட்டும் ஏன் இந்த மௌனம்?

இன்னொன்றும் இருக்கிறது. கேசட்டுக்குள் பொட்டு மாதிரி ஒரு பேட்டரி. அது உயிரோடு இருக்கிறவரைதான் இதெல்லாம் இருக்கும். கம்பெனியில் சர்க்யூட் போர்டில் ஈயம் வைக்கிறதுதானே என் வேலை, திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் தாங்கியதே அதிசயம், இப்போது ஊசலாடுகிறது. வேறு பக்கத்திலிருந்து கரண்ட் கொடுத்துக்கொண்டே மாற்றினால் ஒருவேளை பிழைக்கும். கொஞ்சம் தவறினால் போச்சு. அவளிடம் சொன்னேன்.

“வத்து சித்தி! கை வெக்காத. அம்மாவ தொடாத.”

நம்மிடம் தமிழ் பேசினாலும் அவளுக்குத் தெலுங்குதான் முதலில் வருகிறது, அதுவும் கோபத்தில். வேண்டாமாம். தொடக்கூடாதாம். அவள் கத்தினாலும் கத்தாவிட்டாலும் என்னால் முடியாது அக்கா. கம்பெனியில் மயிரிழையில் ஈயம் வைக்கிறவள், இந்தக் கேசட்டைத் திறந்த கையோடு மூடித் திருகிவிட்டேன். ஒரு நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டேன். மாற்ற இல்லை. பிடுங்கிப்போட. தொலைந்தது சனியன், பெண் காலேஜுக்குப் போவாள் என்று. ஆனால் உன் நத்தை எழுத்து அதற்குள் இருக்கிறதே. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நைனாவுக்குப் போன் போட்டு அழுதேன். அவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, “கொழந்தய ஒண்ட்டியா உடாத, அவ்ளோதான் எனக்குத் தெரியும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்று காலையில் அது நடந்தது. ஹரிணி சுவிட்சைப் போட்டாள், பாட்டு வந்தது, திரையில் நம் நால்வர் இல்லை. வெறுங்கட்டம். புதிதாகப் பேர் வைக்கச் சொல்லி நின்றது. அவள் கத்தவில்லை. என் கையைப் பிடித்தாள். நீ செத்த அன்றைக்குக்கூட என் கையைப் பிடிக்காத பெண். விரல் ஐஸாக இருந்தது. நான் கேசட்டை எடுத்து, துடைத்து, ஊதி, மறுபடி செருகினேன். மூன்றாவது தடவை வந்துவிட்டாய். மூன்று பேர், பின்னால் ஒரு பெட்டி.

“சித்தி, இது பூடுமா?” என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. “பூடும்டி” என்றேன்.

உன்னை எழுப்பினாள். இந்தத் தடவை ஊரைச் சுற்றவில்லை, நேராக அரண்மனைக்குப் போனாள். படியேறினாள். ராஜாவுக்கு எதிரில் உன்னை நிறுத்தினாள். பட்டனின் மேல் விரல். அங்கேயே நின்றாள், நின்றாள், கடைசியில் திரும்பி வெளியே வந்து அணைத்துவிட்டாள்.

“இன்னிக்கி என்னால ஆவல சித்தி” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், ஷிப்டுக்குப் போகவில்லை.

நாளைக்கு அந்தத் திரையில் நீ இருப்பாயா என்று எனக்குத் தெரியாது. அவள் ராஜாவைப் பார்ப்பாளா என்பதும் தெரியாது, நான் நெட்டித் தள்ளவும் மாட்டேன். ஒன்று மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். காலை ஷிப்டே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வெறுங்கட்டம் வந்து, எத்தனை தடவை ஊதியும் நீ வராமல் போகிற அந்தக் காலையில், உன் பெண் பிடித்துக்கொள்ள என் கை அங்கே இருக்கும்.

உன் தங்கச்சி,
உன் பெண்ணுக்குச் சித்தி.