பதினான்காம் அறையை ஒப்புக்கொண்ட நாள்

செம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு இன்று காலையிலிருந்து வெள்ளையடிக்கிறார்கள். பழைய கட்டடம் என்பதால் இன்னும் சுண்ணாம்புதான். சன்னலைச் சாத்தியும் அந்த ஈர வாசனை உள்ளே வந்துவிட்டது. காப்பி ஆறிப்போகிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை எனக்கு. நீ போய் நாற்பது நாளாகிறது. உன் வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் நடுவில் உன்னிடம் ஒன்றும் பேச முடியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

அன்றைக்கும் இதே வாசனைதான். அறுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். மழை இன்னும் இறங்கவில்லை. மாதுங்காவில் அந்தப் பெண்கள் விடுதியின் ஆபீஸ் வாசலில்தான் நாம் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டோம். அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம், புஸாவலில். அங்கிருந்து இரும்புப் பெட்டியும் படுக்கைச் சுருளும் அம்மா கொடுத்தனுப்பிய பொடி டப்பாக்களுமாக நான் வந்திறங்கியிருந்தேன். நீ ஒரு துணிப்பையோடு நடந்தே வந்திருந்தாய். எந்த ஊர் என்று கேட்டேன். "தாராவிதான். இங்கேருந்து நடந்தா அரைமணி நேரம்" என்றாய். இவ்வளவு பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு எதற்கு விடுதி என்று கேட்டுவிட்டேன். "ஒத்த ரூமு, ஒம்பது பேரு. நான் புஸ்தகத்த விரிச்சா யாராவது கால மடக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாய். உன் அப்பா தோல் கிடங்கில் வேலை பார்ப்பதும், உங்கள் சபைப் போதகர் எழுதிக் கொடுத்த கடிதத்தால்தான் உனக்கு இடம் கிடைத்தது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இடம் போனால் உனக்கு வேறு இடம் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டேதான் அன்று ஆபீஸில் நீ அப்படித் துணிந்து நின்றாய்.

குமாஸ்தா ஓர் அச்சடித்த பாரத்தை நீட்டினார். நம் இருவருக்கும் ஒரே அறை, அறைக்கு ஒரு பாரம். இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். கட்டில், மேசை, கதவு, சன்னல், வராந்தா எல்லாம் நல்ல நிலையில் இருக்கக் கண்டு ஒப்புக்கொள்கிறோம் என்று அதில் இருந்தது. நான் பேனாவை எடுத்தேன். "ரூமைப் பாக்காமலா?" என்று கேட்டு நீ மாடிப்படி ஏறினாய், நானும் பின்னால் வந்தேன். வெள்ளையடித்த ஈரம் காய்வதற்காகப் பதினான்காம் அறை திறந்தே கிடந்தது.

நீ கட்டிலில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தாய். சன்னல் கொண்டியைப் போட்டாய். அது நிற்காமல் விழுந்தது. கூரையின் மூலையில் வெள்ளையடித்தும் மறையாத மஞ்சள் கறையைக் காட்டினாய். கடைசியில் வராந்தாவுக்குப் போய், மரக் கிராதியின் அடியில் மண்டியிட்டுக் கட்டைவிரலால் அமுக்கினாய். புதுப் பெயிண்ட் தோல்போல உரிந்து விரல் உள்ளே இறங்கியது.

"இங்க பாருளா. மேலாக்க பெயிண்ட அடிச்சிருக்கான். உள்ள ஒண்ணுமில்ல."

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"மழைக்கு முந்தி எங்கப்பா வீட்டுல ஒவ்வொரு பலகையா இப்பிடித்தான் அமுக்கிப் பாப்பாவ. தம்பி ஒருக்கா பரணோட விழுந்துட்டான்லா."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எல்லாவற்றையும் எழுதினாய். குமாஸ்தா அதைத் தொடக்கூட இல்லை. "இதெல்லாம் இங்கே வழக்கமில்லேம்மா. கையெழுத்துப் போட்டாத்தான் சாவி. இஷ்டமில்லேன்னா சொல்லிடுங்கோ, வெயிட்டிங் லிஸ்ட்ல எத்தனையோ பேர் நிக்கறா."

"அப்ப வார்டன் அம்மாவப் பாத்துட்டு வாறேன்" என்று நீ போனாய்.

நீ போன பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு ரூம் வேணுமா, வேண்டாமா?" அவ்வளவுதான் கேட்டார். நான் போட்டுவிட்டேன். அப்பா சொல்லிக்கொடுத்தபடி முழுப்பெயரையும் எழுதி, அடியில் கோடும் இழுத்தேன்.

வார்டன் தாளை வாங்கி வைத்துக்கொண்டார், பார்க்கிறேன் என்று சொன்னார் என்ற செய்தியோடு நீ திரும்பி வந்தபோது என் கையில் சாவி இருந்தது. நீ அதைப் பார்த்தாய், என் முகத்தையும் பார்த்தாய். திட்டுவாய் என்று நினைத்தேன். "சரி, வா. அந்தப் பக்கம் பெட்டியப் பிடி" என்றாய்.

அன்று சாயங்காலமே வராந்தாவின் குறுக்கே கயிறு கட்டினாய். விடுதியைப் பெருக்கித் துடைக்கும் கங்குபாயைக் கூப்பிட்டு, "இதர் ஹாத் மத் லகானா, பாயி" என்று கிராதியைக் காட்டி, அதைத் தொடவே கூடாதென எச்சரித்தாய். சமையற்கட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தாள் கங்குபாய். அவளுக்கு வேலையும் வீடும் அதுதான்.

ஆகஸ்டில் யாரோ பெரிய மனிதர்கள் விடுதியைப் பார்க்க வந்தார்கள். கயிறு அசிங்கமாக இருக்கிறது என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்து அறுத்துப் போட்டுவிட்டான். மறுபடி கட்ட வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய், பரீட்சை வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க மழை. கொண்டி நிற்காத சன்னல் வழியாகச் சாரல் அடித்து நம் மெத்தைகள் ஊறிப்போயின. ஒரு காலை வெயில் எட்டிப் பார்த்தது. நாம் கல்லூரிக்குப் போயிருந்த நேரத்தில், பாவம் இந்தப் பெண்கள் ஈரத்தில் படுக்கிறார்களே என்று கங்குபாய் தானாகவே மெத்தையைத் தூக்கிக் கிராதிமேல் போட்டிருக்கிறாள்.

நாம் திரும்பி வந்தபோது கிராதி இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. கீழே முற்றத்தில் நம் மெத்தை கிடந்தது. அவளைச் சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தொடை எலும்பு முறிந்து, இடுப்பிலிருந்து கட்டு. நம்மைப் பார்த்ததும் அவள்தான் மன்னிப்புக் கேட்டாள். கயிறு இல்லையே, சரிபண்ணிவிட்டார்கள் என்று நினைத்தேன் என்றாள். நீ அவள் காலடியில் உட்கார்ந்து அழுதாய். நான் அழவில்லை. எனக்கு அந்தப் பாரம் ஞாபகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. கங்குபாய் கிராதிமேல் ஏறி நின்றாள், அவள் அசட்டையால் வந்த வினை என்று பேச்சு. வேறு ஆள் வைத்தாயிற்று, கொட்டகையைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். நம்மையும் கூப்பிட்டிருந்தார்கள். காரியதரிசி பாரத்தைத் தூக்கிக் காட்டினார். "ஜூன் மாசம் வராந்தா நன்னா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கேளே. இது யாரோட கையெழுத்து?"

நான் உட்கார்ந்தே இருந்தேன். நீதான் எழுந்தாய்.

"கையெழுத்த விடுங்க சார். ரூமை நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். கிராதி உளுத்திருந்துச்சு. நாங்க எழுதியும் குடுத்தோம்."

"எங்கே அந்தக் காகிதம்?"

வார்டன் தலை குனிந்திருந்தார். புருஷனை இழந்தவர், இந்த வேலையை நம்பித்தான் மகனைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். நீ அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரைப் பார்த்தபடி நின்றாய். அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எப்படி எழுந்தேனோ தெரியாது, எழுந்துவிட்டேன்.

"அது என் கையெழுத்து சார். நான் எதையும் சோதிச்சுப் பார்க்கல. சோதிச்சதும் எழுதினதும் இவ மட்டும்தான். இவ அத்தனையும் காட்டியும் சாவிக்காக நான் போட்டுட்டேன். கங்குபாய் மேல ஒரு தப்பும் இல்ல."

அப்போதுதான் வார்டன் எழுந்து தன் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் நீ கிழித்துக் கொடுத்த நோட்டுத் தாள் இருந்தது. "என்கிட்டதான் இருந்தது. நான்தான் மேலே அனுப்பலை" என்று மேசைமேல் வைத்தார்.

கங்குபாய் கொட்டகையிலேயே இருந்தாள். கட்டுப் பிரித்ததும் அவளுக்குச் சமையற்கட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். மாடி முழுக்க இரும்புக் கிராதி வந்தது. வார்டனை மட்டும் வருஷக் கடைசியில் அனுப்பிவிட்டார்கள். அவருடைய டிரங்குப் பெட்டியை நாம் இருவரும்தான் ஸ்டேஷன்வரை தூக்கிப்போனோம். ரயில் நகரும்போது அவர் உன் தலையில் கை வைத்தார்; என் தலையிலும் வைத்தார்.

திரும்பி நடக்கையில் கேட்டேன்: "ஏன் 'நாங்க'ன்னு சொன்னே? சோதிச்சதும் எழுதினதும் நீதானே."

"ஒன் மூஞ்சி செத்துப்போயிருந்துச்சுளா. தனியா விட மனசில்ல" என்றாய். பிறகு அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நீ முனிசிபல் பள்ளியில் டீச்சரானாய், நான் பாங்கில் சேர்ந்தேன். கல்யாணங்கள், பிள்ளைகள், கிறிஸ்துமஸ் பலகாரம், தீபாவளி பட்சணம். ஒவ்வொரு முறையும் உன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இன்றைக்காவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். நீ சாப்பிடச் சொல்வாய். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

உன்னை அடக்கம் செய்த அன்று உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளிடம், "இவங்கதான் அம்மாவோட ஃபிரெண்டு. கமிட்டி முன்னால எந்திரிச்சு நின்னவங்க" என்றாள். எனக்கு உடம்பு கூசியது. அவளைத் தனியே அழைத்துப்போய், "உங்கம்மா முழுசும் சொல்லலைம்மா. அந்தக் கையெழுத்தைப் போட்டதே நான்தான்" என்றேன்.

"தெரியுமே ஆன்ட்டி. சின்ன வயசுலேருந்து கேட்ட கதைதான. கையெழுத்துப் போட்டதையும் சொல்வாங்க. 'அம்புட்டுப் பயந்தவ எந்திரிச்சுட்டா பாரு'ன்னு சொல்லித்தான் முடிப்பாங்க."

இத்தனை வருஷமும் கையெழுத்துப் போட்டவளை மட்டும்தான் நான் சுமந்துகொண்டு வந்தேன். எழுந்து நின்றவளை நான் மறந்தே போயிருந்தேன். அவளை நீ பத்திரமாக வைத்திருந்து, உன் பிள்ளைகளுக்கும் காட்டியிருக்கிறாய். இப்போது நீ இல்லை. இனி அவளையும் நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.