ஹாரன் இப்போது கலாவின் பக்கம்

அன்புள்ள கலா அப்பாவுக்கு,

உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எழுதும்போதும் கை வரவில்லை. இதை நீங்கள் படிப்பீர்கள் என்று நான் நம்பவில்லை, அது உங்களுக்கும் தெரியும். ஆனால் வண்டியைப் பற்றிய செய்தியை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வது?

வண்டியின் ஜோடனை முழுவதையும் கழற்றிவிட்டோம். கழற்றச் சொன்னது கலாதான்.

இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போன நம் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு நடந்தீர்கள். அவள் வளர்ந்து உங்கள் இடுப்பு தாங்காமல் போனபோது, பக்கத்தில் மூன்றாவது சக்கரமும் ஆள் உட்காரும் தொட்டியும் வைத்த அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி வந்தீர்கள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு நீங்கள் கிடைக்கவில்லை. தொட்டிக்குச் சிவப்பு ரெக்ஸின், மேலே கூரை, கூரையைச் சுற்றிக் குஞ்சம், மட்கார்டில் மயில், முகப்பில் கலர் பல்பு. கலா பின்னிக்கொடுத்த பிளாஸ்டிக் வயர் கைப்பிடி இரண்டிலும் ஏறியது. பெட்ரோல் டேங்கின் மேல் பெட்டி அடித்து அதில் டிரான்ஸிஸ்டர்.

நம் செல்லூர்ச் சந்தில் நெசவாளர்கள் உங்களைச் சும்மா விட்டதில்லை. "அண்ணே, தேரு கெளம்பிருச்சா? வடம் புடிக்க வரவா?"

"நீ வேணாம் மாப்ள. ஒனக்குத் தறி மிதிச்சாலே மூச்சு வாங்குது."

எதற்கு இவ்வளவு என்று ஒருமுறை கேட்டேன். ஸ்குரூவைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னீர்கள்: "ரோட்டுல போறவன் மொதல்ல என் பிள்ளை காலைத்தான் பாக்குறான் கலாம்மா. இனிமே வண்டியப் பாக்கட்டும்."

பார்த்தார்கள். அது மட்டும் உண்மை.

போன ஆயுத பூஜையன்று வண்டியின் முன்விளக்குக்குச் சந்தனம் வைத்து, கதம்ப மாலை போட்டு, இரு பக்கமும் வாழைக்கன்று கட்டினீர்கள். "சோழவந்தான் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாரோம்" என்று கிளம்பினீர்கள். அங்கே என்ன நடந்தது என்று கலா ஒரே ஒருமுறை சொன்னாள். மறுபடி நான் கேட்கவில்லை.

வாய்க்கால் பாலம் தாண்டி நீங்கள் வண்டியை ஓரங்கட்டினீர்களாம். எஞ்சினை நிறுத்தினீர்கள். டேங்கின் மேலிருந்த பெட்டியில் தலையைச் சாய்த்தீர்கள். பிறகு நிமிரவில்லை.

மூன்று புள்ளிகளில் நிற்கும் பொருள் ஆடாது என்று கல்லூரி இயற்பியல் வகுப்பில் வருடாவருடம் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு சக்கர வண்டியாக இருந்திருந்தால் உங்களோடு சரிந்திருக்கும். யாராவது ஓடி வந்திருப்பார்கள். மூன்றாவது சக்கரம் உங்களை விழவிடவில்லை. மாலை போட்ட வண்டியில் களைத்துப்போய்க் கண்ணயர்ந்த மனிதராக உட்கார்ந்திருந்தீர்கள்.

தொட்டிக்கதவு ஓடும்போது திறந்துவிடக் கூடாதென்று தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்திருந்தீர்கள். கூரைக்கம்பியைத் தாண்டி அவள் கை தாழ்ப்பாளுக்கு எட்டவில்லை. ரப்பர் பந்து ஹாரன் உங்கள் வலது கைப்பக்கம். அதுவும் எட்டவில்லை. டிரான்ஸிஸ்டரில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கத்தினாள். பஸ்ஸில் போன பையன்கள், "மாப்ள, சினிமா வண்டிடா" என்று பதிலுக்குக் கூச்சலிட்டார்கள். அவள் இரண்டு கைகளையும் ஆட்டினாள். எதிரே வந்த டிராக்டரில் இருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே கையாட்டிவிட்டுப் போனார்கள். பூஜை நாளில் வாழைக்கன்று கட்டிய வண்டி நின்றால் நம் ஊரில் யார் பதறுவார்கள்?

கடைசியில் வெற்றிலைக் கட்டோடு சைக்கிளில் வந்த ஒருவர் நின்றார், பொரி கிடைக்குமென்று. "என்ன தாயி, பூசை முடிஞ்சுச்சா? அப்பாவ எழுப்பு, ஒரு கை பொரி குடுக்கட்டும்."

அவள் அழுவதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

இருதயம் உடனே நின்றிருக்கும், யார் வந்திருந்தாலும் பயனில்லை என்றார் டாக்டர். நானும் அதை ஏற்கிறேன். ஹாரன் எட்டியிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்கள் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொள்ளவில்லை. எட்டியிருந்தால் அவள் அவ்வளவு நேரம் உங்களோடு தனியாக இருந்திருக்க மாட்டாள். அவ்வளவுதான்.

அதன்பின் அவள் வாசலுக்குக்கூட வரவில்லை. தட்டச்சு நிலையத்தில் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள், பதில் போடவில்லை. நானும் வண்டியை விற்கலாம் என்றிருந்தேன். பொங்கல் கழிந்து வாடிப்பட்டியிலிருந்து ஒரு சோடாக்கடைக்காரர் வந்தார். குஞ்சத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்புட்டு ஜோடனையும் சேத்துத்தான் எனக்கு வேணும்க்கா. இதைப் பாத்தாலே கூட்டம் கூடிரும்ல" என்றார்.

உள்ளேயிருந்து கலாவின் குரல் வந்தது. "கூட்டம் கூடும்ணே. ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்."

அவர் என்னைப் பார்த்தார். அவள் கையூன்றி நகர்ந்து நிலைப்படிவரை வந்துவிட்டாள். "வித்துட்டா நான் எதுலம்மா வேலைக்குப் போறது?"

"யாரு ஓட்டுவா கலா?"

"நீதான். காலேஜ்ல வண்டி எப்படி ஓடுதுன்னு பாடம் மட்டுந்தான் எடுப்பியா?"

சோடாக்கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் போறேன்க்கா. நீங்க பேசி முடிங்க" என்று செருப்பை மாட்டினார்.

அவள் கேட்டது மூன்று. ஜோடனை போக வேண்டும். தாழ்ப்பாள் உள்ளே வர வேண்டும். ஹாரன் அவளுக்கு வேண்டும்.

உங்கள் ஸ்பேனர் பெட்டியை நானே திறந்தேன். முதல் நாள் விரல் நசுங்கியது. கலர் பல்புகளையும் டிரான்ஸிஸ்டர் பெட்டியையும் எடுத்தபோது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சத்தை அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைப்பிடியில் வயர் பின்னல் மட்டும் இருக்கிறது. மயிலின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். சரியாக மூடவில்லை, வெயிலில் கழுத்து தெரிகிறது. உங்களுக்குக் கோபம் வருமா? எனக்குத் தெரியவில்லை. கழற்றிய இடமெல்லாம் ஸ்குரூ ஓட்டைகள். ஒரு வண்டியில் இத்தனை ஓட்டை போட ஒரு மனிதருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும்?

பள்ளிக்கூட மைதானத்தில் காலையில் ஓட்டிப் பழகினேன். வடம் பிடிக்க வரவா என்று கேட்ட உங்கள் தறிக்கார 'மாப்ள'தான் பின்னாலேயே ஓடி வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது, நீங்கள் சொன்னது உண்மைதான். வேகம் கூட்டினால் வண்டி தொட்டிப் பக்கம் இழுக்கிறது. பிரேக் போட்டால் மறுபக்கம் போகிறது. காரணம் எனக்கு விளக்கத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. "அம்மா, இது லேபு இல்ல. சொவரு வருது" என்றாள் கலா.

நேற்று தட்டச்சு நிலையத்துக்குப் போனோம். ஓட்டுவது நான், ஹாரன் அவள். கல்பாலத்தில் கூட்டம் மறித்தபோது அந்த ரப்பர் பந்தை அமுக்கினாள். வழி கிடைத்த பிறகும் அமுக்கினாள். எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். கைகாட்டிச் சிரிக்க அந்த வண்டியில் ஒன்றுமில்லை. அவளுடைய முகத்தைத்தான் பார்த்தார்கள், அவளும் அவர்களைப் பார்த்தாள். நிலைய வாசலில் நான் இறங்குவதற்குள் தாழ்ப்பாளை அவளே திறந்துவிட்டாள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த ஹாரனை என் பக்கம் திரும்ப வாங்க மாட்டேன். அவள் எதற்காக அடித்தாலும், விளையாட்டுக்கே அடித்தாலும், ஓரங்கட்டி நிறுத்தி என்னவென்று கேட்பேன்.

உங்கள்
கலாம்மா