லிப்ட் நிற்காத மாடி

14.2.1983
இருமல் மருந்து இன்னொரு போத்தல். போன மாதமும் கிளினிக்கில் இதே சிவப்புத் தண்ணீர்தான். "சிகரெட் பிடிப்பீங்களா?" என்றார் டாக்டர். என்னைப் பார்த்தால் அப்படியா இருக்கிறது? இல்லை என்றதும் அவருக்கு வேறு கேள்வியே கிடையாது.

2.3.1983
சிங்கப்பூர் தேக்காவில் எங்கள் மசாலாக் கடை. முன்னால் கல்லாவில் என் வீட்டுக்காரர், பின்னால் கரி அடுப்பில் மிளகாய் வறுக்க நான் - கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். இன்று நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். "வீட்டம்மாவுக்கு உடம்பு வளையமாட்டேங்குது" என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

21.3.1983
எக்ஸ்ரேயில் காசநோய் இல்லை. "படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்றார் டாக்டர். "இல்லையே" என்றேன். "அப்ப ஒண்ணுமில்ல லா."
ஒண்ணுமில்லாததற்கா துணி காயப்போடும் கம்பை ஜன்னலுக்கு வெளியே செருகியதும் நெஞ்சு விசில் அடிக்கிறது?

9.4.1983
லிப்ட் கெட்டுவிட்டது. வீடு நான்காம் மாடி. இரண்டாம் மாடியில் உட்கார்ந்தேன், மூன்றாம் மாடியில் மறுபடி. அந்த மாடி ஆமினா பீவி கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். "எப்பலேருந்துக்கா இப்படி?"
எனக்கே தெரியாதே! எங்கள் மாடியில் லிப்ட் நிற்காது. ஐந்தில் இறங்கி, ஒரு மாடி கீழே நடந்து வருவோம். இந்த ஆங் மோ கியோ வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் படி ஏறியதே இல்லை. அதை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டாமா? படியே ஏறுவதுண்டா என்று அவராவது கேட்டிருக்கக் கூடாதா? சே!

11.4.1983
கிளினிக்கில் சத்தம் போட்டுவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

3.5.1983
குழாயில் ஊதச் சொன்னார்கள். "நிறுத்தாதீங்க, இன்னும், இன்னும்" - உள்ளே இருந்தால்தானே ஊதுவேன்? காகிதத்தில் கோடு எழும்பவே மாட்டேன் என்றது. மருந்தை இழுக்கவைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். அப்போதும் கொஞ்சம்தான். ஆஸ்துமா என்றால் நன்றாக ஏறியிருக்குமாம்.
"என்ன வேலை செய்றீங்க?" என்றார் புது டாக்டர். இத்தனை மாதத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
நாட்பட்ட நுரையீரல் அடைப்பு. போனது திரும்பாதாம். அடுப்பை விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாமாம்.
வீட்டில் சொன்னேன். "மிளகாய்ப் புகையில யாருக்குடி நோய் வந்திருக்கு? எங்கம்மா வறுக்கலையா?" என்றார்.
அவர் அம்மா இருமி இருமியே போய்ச் சேர்ந்தது மறந்துவிட்டது.

7.5.1983
"நீங்களே வறுத்துக்குங்க" என்று முந்தாநாள் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

9.5.1983
இன்று அவரே வறுத்தாராம். கண் சிவந்து வந்தவர், நாற்காலியில் சாய்ந்து இருமினார், இருமிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுத்தேன். மூச்சு திரும்பியதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
"எப்படி பிரிஜட் இத்தனை வருஷம் அங்க நின்ன?"
அழக் கூடாது என்றுதான் இருந்தேன். அழுதாலும் மூச்சு வாங்குகிறது.