புது இனம் இல்லை

அன்புள்ள உங்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அத்தைக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாடிப்படி ஏறி இறங்குகிறார். குளியலறைக் குழாய்தான் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. மலையில் மழை விட்டதா?

நீங்கள் அனுப்பிய காளானும் வேர்நுனிகளும் கெடாமல் வந்து சேர்ந்தன. நானே கழுவினேன். ஒவ்வொரு நுனியையும் பூஞ்சை உறை மாட்டியதுபோல் மூடியிருந்தது. மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கும், அது மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் கொடுக்கும் என்று கல்யாணமான புதிதில் எனக்குப் பாடம் எடுத்தீர்கள், நானும் அதையே படித்துத் தேறியவள் என்பதை மறந்து. "நம்மள மாதிரி" என்று வேறு சொன்னீர்கள்.

நுனிகளை அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, இனத்தைக் காட்டிக்கொடுக்கும் சிறு பகுதியைப் பெருக்கிப் படித்தேன். காளான் துண்டிலும் அதே வரிசை. தரவுத்தளத்தில் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. சாதாரண பைன் மரத்துப் பூஞ்சை. எங்கள் ஆய்வக வாசல் மரத்தின் வேரிலும் அதுதான். நீங்கள் வரைந்து அனுப்பிய காளான் தொப்பியின் சிவப்பு நிறம் மலைக்குளிர் செய்த வேலை. புது இனம் இல்லை. ஆகவே நம் சிட்டுவின் பெயரை அதற்கு வைக்க முடியாது.

வேறொரு ஆய்வகத்துக்கும் அனுப்பிக் கேட்டேன். அதே பதில். உங்கள் கட்டுரையை வெளியிட இருந்த இதழுக்கு நேற்று முடிவை அனுப்பிவிட்டேன். எங்கள் இயக்குநர் தடுத்துப் பார்த்தார். குழந்தை போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கொஞ்சம் ஆறப்போடு என்றார்.

"அவரு தாங்கமாட்டாரும்மா."

"நான் தாங்கலையா சார்?" என்றேன்.

முடிவு ஒத்துவராவிட்டால் அந்த வேர் மாதிரியை மட்டும் ஓரமாக வைத்துவிடு, யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அன்றும் அப்படித்தான். சிட்டுவின் ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் மலையிலிருந்து போனிலேயே, வெறும் காய்ச்சல்தான், பயப்படாதே என்று தீர்ப்புச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு அங்கேயே இருந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அந்த முடிவை நான் தனியாகப் படித்தேன். இதை நீங்களும் தனியாகவே படிக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் போன் பண்ணவில்லை.

பேத்தி பேரில் காளான் வரப்போகிறது என்று அத்தை அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அவரிடமும் சொல்லிவிட்டேன்.

"அப்ப அதுக்குப் பேரே இல்லையா?" என்று கேட்டார்.

இருக்கிறது, எப்போதோ யாரோ வைத்துவிட்டார்கள் என்றேன். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார்.

இனி அங்கே தேட எதுவும் இல்லை. முகாமைக் கலைத்துவிடுங்கள். சளி இருந்தால் கஷாயம் அது இது என்று இழுக்காமல் டாக்டரைப் பாருங்கள். கம்பளி போட்டுக்கொண்டு, பகல் பஸ்ஸில் இறங்கி வாருங்கள். பையில் மண்ணோ வேரோ வேண்டாம். அவள் அறை பூட்டியது பூட்டியபடி இருக்கிறது. தினமும் சாவியை எடுக்கிறேன், திரும்ப வைத்துவிடுகிறேன். அதைத் தனியாகத் திறக்க என்னால் முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி