பின்வாசலைத் திறந்தவர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
9-9-1991

என் உடன்பிறந்தவன் காசிராஜனுக்கு,

அக்கா தங்கபாய் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. உன் தலைக் காயம் ஆறிவிட்டதா? செல்லக்கனி உன்னை வெயிலில் அலையவிடாமல் பார்த்துக்கொள்கிறாளா? அவளை உனக்குப் பார்த்துக் கட்டிவைத்ததே நான்தான், அந்த உரிமையில் கேட்கிறேன்.

பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ராஜபாளையம். ஆனாலும் வர முடியவில்லை. போலீஸ் சாட்சிப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதாம். "நீங்க அவன் வீட்டுப் படிய மிதிச்சா சாட்சியக் கலைச்சதா ஆயிரும்மா" என்று வக்கீல் கறாராகச் சொல்லிவிட்டார். எழுதுவதுகூடத் தப்புத்தான். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உனக்கு ஒன்றும் நினைவில்லை என்கிறார்கள், ஆகையால் முதலிலிருந்து எழுதுகிறேன். ஜூன் மாதம், மத்தியானம் மூன்று மணிக்கு, நீயும் உன் அத்தானும் வேலை பார்க்கிற கம்பெனியின் பஞ்சுக் கோடவுனில் தீப்பிடித்தது. முன்பக்கம் புகை. அங்கே பஞ்சு பிரித்துக்கொண்டிருந்த வெள்ளத்தாய் பின்வாசல் பக்கம் ஓடி அங்கேயே செத்துப்போனாள். நீ உள்ளே புகுந்து இரண்டு பேரை இழுத்து வந்தாய், மூன்றாவது தடவை போனபோது விட்டம் உன் தலையில் விழுந்தது. சூப்பர்வைசர் என்று உன் அத்தான் மேல் கேஸ். பின்வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியோடு ஓடிவிட்டார் என்கிறார்கள். தீயணைப்புக்காரர்கள் வாசலையே பெயர்த்துப் போட்டதால், பூட்டியிருந்ததா திறந்திருந்ததா என்று சொல்ல ஆளில்லை.

நீ இருக்கிறாய். மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் கண்ணைத் திறந்து என்னிடம் சொன்னாய்: "அக்கா, அத்தான் பின்வாசலத் தொறந்துட்டாவ." இந்தக் காதால் கேட்டேன். அதைக் கோர்ட்டிலும் சொல்ல வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு
உன் அக்கா தங்கபாய்


ராஜபாளையம்
15-9-1991

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. எது நடந்தாலும் எழுதி வைக்க வேண்டும், எழுதியதைக் கிழிக்கக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கடைசியாகத் தெரிவது பங்குனியில் செல்லக்கனி தங்கை கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றதுதான். அடுத்தது ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவில் மூன்று மாதம் இல்லை. வெள்ளத்தாய் செத்ததை யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் ஆறாம் வகுப்பில் என்னை பெஞ்சுமேல் ஏற்றிய வாத்தியாரின் செருப்பு எப்படி இருக்கும் என்று கேள், சொல்கிறேன். அது எப்படி டாக்டர், பழசு இருக்கிறது, நேற்றையது போய்விட்டது என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். காதுக்கு உட்புறமாக, மூளையின் அடிப்பகுதியில், இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பகுதி இருக்கிறதாம். புதிதாக நடப்பதை முதலில் பிடித்துவைப்பது அதுதான். பிறகு மாதக்கணக்காக, வருஷக்கணக்காக, நாம் தூங்கும்போதுகூட, அதைத் திரும்பத் திரும்ப எடுத்து மேல்மூளை முழுவதும் பதியவைக்குமாம். பதிந்து முடிந்தது அடியைத் தாங்கும். பதியாதது சிதறிவிடும். முறுக்கேறாத பஞ்சு இழுத்தால் பிரிந்துவிடும், நூலாகிவிட்டால் தாங்கும் இல்லையா, அப்படி என்று புரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் சொன்னார். "ஓட்டையை மூளை அப்படியே விடாது, கிடைத்ததை வைத்து அடைத்துவிடும். யாரையும் சொல்லிக்கொடுக்க விடாதே" என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. உன்னிடம் அப்படிச் சொன்னதும் நினைவில் இல்லை.

தம்பி காசிராஜன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2-10-1991

காசிக்கு,

டாக்டருக்கு என்ன, அவர் வீட்டு ஆளா ஜெயிலுக்குப் போகப் போகிறார்? நான் உனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ சொன்னதை உனக்கே திருப்பித் தருகிறேன்.

உன் அத்தான் சோற்றில் வைத்த கையை வாய்க்குக் கொண்டுபோகிறதில்லை, அப்படியே உட்கார்ந்திருக்கிறார். கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருத்தி என் காதுபடவே, "ஒரு உசிர அடச்சு வச்சுக் கொன்ன வீடு" என்கிறாள். எம்புட்டு நாளைக்குத் தாங்குவேன் நான்?

நன்றாகக் கேள். அன்றைக்கு அவர் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. சாவிக் கொத்து எப்போதும்போல இடுப்பில். புகை வந்ததும் பின்பக்கம் ஓடியிருப்பார், சாவியை எடுத்துத் திருகியிருப்பார், கதவைத் தள்ளியிருப்பார். நீ அதைப் பார்த்திருக்கிறாய். காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரம் ஒரு தடவை, செல்லக்கனியை இந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேள். தொலைந்த சாமானைத் தேடுகிற மாதிரி தேடினால் கிடைக்காமலா போகும்?

என்மேல் உனக்குப் பாசம் இருந்தால் தேடு.

அக்கா


ராஜபாளையம்
10-11-1991

என் அக்காவுக்கு,

வந்துவிட்டது!

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள், குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது சட்டென்று வந்தது. ஒரு மாதமாகச் செல்லக்கனி படிக்கப் படிக்கக் கேட்டேனே, வீண் போகவில்லை. புகைக்கு நடுவில் அத்தான் முதுகு. நீலக் கட்டம். இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுக்கிறார். கதவில் வைத்துத் திருகுகிறார். பலகை இடுக்கு வழியாக வெயில் கோடுகோடாக உள்ளே விழுகிறது. இரண்டு கதவையும் தோளால் தள்ளுகிறார். நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், தொண்டை எரிகிறது. எழுதும்போதே எரிகிறது.

செல்லக்கனியிடம் சொல்லி அழுதுவிட்டேன். இத்தனை நாள் என் அத்தானைக் காப்பாற்ற முடியாத பாவியாக இருந்தேன். இனி எந்தக் கோர்ட்டிலும் நின்று சொல்வேன். அத்தானைச் சாப்பிடச் சொல்.

தம்பி காசிராஜன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14-11-1991

என் ராசாவுக்கு,

கடிதத்தை உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். கேட்டதும் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். ஆம்பிளை அழுவதை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்று நானும் போகவில்லை. ஜனவரி 20, திங்கட்கிழமை விசாரணை. அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள். தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளி. நினைத்ததை விட்டுவிடாமல் தினமும் நினை.

அக்கா


ராஜபாளையம்
5-1-1992

அக்கா,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளை எழுதி ஒதுக்கி வைத்துவிட்டேன்.

கோர்ட்டில் எங்கே நின்று பார்த்தாய் என்று கேட்பார்களே, அளந்து வைத்துக்கொள்ளலாம் என்று வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் போனேன். ஃபிட்டர் புத்தி. கோடவுன் பின்னால் வேப்பமரத்தில் ஒரு இரும்புக் கேட் சாய்த்து வைத்திருந்தது, வளைந்து, கருகி. வாட்ச்மேன் பால்ச்சாமியிடம், "இது ஏதுய்யா?" என்று கேட்டேன்.

"பின்வாசல்ல இருந்த கேட்டுதாண்ணே. பஞ்சு களவு போகுதுன்னு மொதலாளி சித்திரையில மரக்கதவக் கழட்டிட்டு இதப் போட்டாரு. நீங்கதான மாட்டுனீக? ரெண்டு நாளா வேல பாத்தீக."

அக்கா, நான் பார்த்தது மரக்கதவு. பலகை இடுக்கில் வெயில் விழுந்தது என்று எழுதினேனே, அந்தக் கதவு. எட்டு வருஷம் தினமும் பார்த்த கதவு அது, அழியாமல் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பூட்டே கிடையாது, உள்ளே குறுக்குக் கட்டை மட்டும்தான். பூட்டில்லாத கதவில் அத்தான் சாவியைத் திருகுவதைப் பார்த்திருக்கிறேன்! நானே மாட்டிய கேட் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களைத் தேதிப்படி அடுக்கினேன். சட்டை, சாவி, திருகியது, தள்ளியது, எல்லாம் அக்டோபர் 2-ஆம் தேதி உன் கையெழுத்தில் இருக்கிறது. என் தலைக்குள் வந்தது நவம்பரில். கதவு என்னுடையது, மற்றது உன்னுடையது. என் மூளை இரண்டையும் சேர்த்து எனக்கே காட்டியிருக்கிறது. இப்போதும் கண்ணை மூடினால் அத்தான் சாவியைத் திருகுவது தெரிகிறது. பொய் என்று தெரிந்தும் போக மாட்டேன் என்கிறது.

மார்கழியில் வெள்ளத்தாயின் அம்மா முத்துப்பேச்சி வந்திருந்தாள். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எம்மவ யாரையாச்சும் கூப்பிட்டாளாய்யா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "அம்மா" என்று வெள்ளத்தாய் கூப்பிடும் சத்தம் எனக்குக் கேட்டது. அதை அன்றைக்கு நம்பினேன், அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தச் சத்தமும் என் மூளை ஓட்டையை அடைக்கப் போட்டதுதானோ, இப்போது தெரியவில்லை.

கூண்டில் ஏற்றினால், எனக்கு நினைவில்லை என்றுதான் சொல்வேன். அத்தான் திறக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. அதுதான் என்னிடம் மிச்சம் இருக்கிற உண்மை.

காசிராஜன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
8-1-1992

காசிராஜனுக்கு,

மரக்கதவாவது, இரும்புக் கேட்டாவது! கதவை மாற்றி நினைத்தால் ஆளையும் மாற்றி நினைத்ததாகிவிடுமா? ஆஸ்பத்திரியில் நீ சொன்னபோது நான் ஒரு கடிதமும் எழுதியிருக்கவில்லையே, அது எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் சொல். முத்துப்பேச்சி முகத்தைப் பார்க்கிற உனக்கு என் முகம் தெரியவில்லையா?

நீ நினைவில்லை என்று சொல்கிற அன்றைக்கு எனக்கும் ஒரு தம்பி இருந்தது நினைவில்லை என்று வைத்துக்கொள்.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
17-1-1992

தம்பி காசி,

பொங்கல் வைக்கவில்லை. நீங்களும் வைத்திருக்க மாட்டீர்கள்.

போன கடிதத்தை எழுதி முடித்த கையோடு உன் அத்தானிடம் போனேன். உன்னைத் திட்டுவதற்குத் துணை தேடித்தான் போனேன். "அவன் கெடக்கான், நீங்க சொல்லுங்க, தொறந்தீகளா இல்லையா?" என்றேன். ஏழு மாதத்தில் அதுதான் முதல் தடவை. போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டார், கட்டிய நான் கேட்கவே இல்லை. கேட்கத் தேவையில்லை என்று இருந்தேன்.

துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "தொறக்கல தங்கம். சாவி இடுப்புலதான் இருந்துச்சு. கை போகல. எல்லாரோடயும் முன்பக்கமா ஓடிட்டேன். வெளிய வந்த பொறவுதான் சாவியே நெனப்பு வந்துச்சு."

"அப்பொறம் ஏன் நான் எழுதும்போதெல்லாம் சும்மா இருந்தீக?" என்று கத்தினேன். "நீ அம்புட்டு உறுதியாச் சொன்ன. அவனும் பாத்தேன்னு எழுதிட்டான். ஒருவேளை தொறந்துதான் இருப்பேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு" என்றார். அவரை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் சொன்னதை இப்போது உட்கார்ந்து நினைத்துப் பார்க்கிறேன். கட்டில் தெரிகிறது, உன் தலைக்கட்டு தெரிகிறது, உன் உதடு அசைகிறது. "தொறந்துட்டாவ" என்று தெளிவாகக் கேட்கிறது. சாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். ஆனால் அவர் திறக்கவே இல்லை. "தொறந்துட்டாவளா?" என்று நீ என்னிடம் கேட்டாயோ, ஒன்றுமே சொல்லாமல் முனகினாயோ, எனக்குத் தெரியவில்லை காசி. எனக்குத் தலையில் அடியும் படவில்லை.

திங்கட்கிழமை அவர் உள்ளதைச் சொல்லிவிடுவார். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். உன்னைக் கூண்டில் ஏற்ற வேண்டியிராது. எத்தனை வருஷம் போடுவார்களோ, போடட்டும். நான் இருப்பேன்.

முத்துப்பேச்சி வீட்டுக்கு நான் போக வேண்டும். என்ன சொல்வேன் என்று தெரியாது. உனக்கு அப்படி எழுதியதற்குப் பிறகு கேட்கக் கூசுகிறது. செவ்வாய்க்கிழமை காலை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவேன். நீ வந்து நில். தனியாக அந்த வீட்டுக்குள் கால் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா